ரிசர்வ் வங்கி கவர்னர் சமூகத்துக்கு ஒரு விஞ்ஞாபனம்

கனம் பொருந்திய கவர்னர் அவர்கள் சமூகத்துக்கு, பழனி மலையில் கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே செண்பகனூரில் வாசம் செய்யும் ஒரு சாமானியக் கணக்குதாரன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

மூடுபனி இறங்கிவிட்டால் செல்போன் கோபுரமே அந்தர்த்தானமாகிவிடுகிற எங்கள் சிற்றூரை, தேசத்தின் நாணயத்துக்கே அதிபதியான தாங்கள் மறவாமல் நினைவில் வைத்திருப்பதோடு, நள்ளிரவு கடந்த வேளையிலும் நித்திரையைத் துறந்து எனக்கு மின்னஞ்சல் எழுதி, சீட்டு எதுவும் வாங்காத எனக்கு ஐந்து கோடி ரூபாய் பரிசு விழுந்திருப்பதாகவும், அதை விடுவிக்கச் சொற்பத் தொகையொன்றைக் கட்டினால் போதுமென்றும் அறிவித்திருக்கிற கருணையை என்னவென்று போற்றுவேன்! ரூபாய் நோட்டில் காணும் கையொப்பம் அப்படியே கடிதத்தின் அடியிலும் இருக்கிறது. முத்திரையில் பனைமரத்தோடு நிற்கும் புலி மட்டும் சற்று மங்கிப்போய்ப் பூனையாகத் தெரிகிறது. 1935 ஏப்ரல் முதல் தேதி தொடங்கிய ஒரு மகா ஸ்தாபனம் (தேதியைச் சொல்லி யாரேனும் பரிகசித்தால் நான் பொறுக்கமாட்டேன்), காசில்லாமல் கிடைக்கும் ஜிமெயில் விலாசத்திலிருந்து கடிதம் எழுதும் நிலைக்கு இறங்கிவிட்டதே என்பது ஒன்றுதான் என் மனத்தை வருத்துகிறது.

ஆனால் தங்கள் பெயராலேயே வேறொரு குரலும் கேட்கிறது. ரிசர்வ் வங்கி தனிமனிதர் எவருக்கும் கணக்கு வைப்பதில்லை, பரிசுப் பணம் பட்டுவாடா செய்வதில்லை, லாட்டரிக்காக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதே 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு விரோதம் என்றெல்லாம் அது எச்சரிக்கிறது. ‘ராஜுவும் நாற்பது திருடர்களும்’ என்று பெயரிட்டு, நாற்பது மோசடிகளைக் கதைகளாகச் சொல்லும் பிரசுரம் ஒன்றையும் அது வெளியிட்டிருக்கிறது. ஆகவே கவர்னர்கள் இருவர் என்றும், ஒருவர் வள்ளல், மற்றவர் கருமி என்றும் நான் முடிவுகட்டும்படி ஆயிற்று.

அந்த வள்ளல்தனத்துக்கு உவமை எங்கள் ஊரிலேயே உண்டு. இங்கே வருகிறவர்கள், சேசு சபையார் 1895-ல் நிறுவிய திரு இருதயக் கல்லூரியின் அருங்காட்சியகத்தையும், 300-க்கு மேற்பட்ட இனங்கள் வளர்க்கப்பட்ட ஆர்க்கிட் தோட்டத்தையும் பார்க்க ஆசைப்படுவார்கள். அந்த ஆர்க்கிட் குலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, ஒரு துளித் தேனும் தராமல், வண்ணத்தையும் வாசனையையும் மட்டும் காட்டிப் பூச்சிகளை வரவழைத்துத் தன் மகரந்தத்தைச் சுமக்க வைத்து அனுப்புகிறது. ஐரோப்பாவில் ஓர் இனம் பெண் தேனீயின் உருவத்தையும் மணத்தையுமே பூண்டு ஆண் தேனீயை ஏய்க்கிறது. தேன் இல்லாமலே பூச்சியை வரவழைக்கும் கபடத்தை ஸ்பிரெங்கல் என்ற ஜெர்மானியர் 1793-லேயே எழுதி வைத்தார். 1862-ல் ஆர்க்கிட்டுகளைப் பற்றியே ஒரு நூல் செய்த டார்வினுக்கோ, இத்தனை பெரிய வஞ்சகம் தலைமுறை தலைமுறையாகச் செல்லுபடியாகும் என்று நம்ப மனம் ஒப்பவில்லை. பாவம், அவருக்கு மின்னஞ்சல் விலாசம் இல்லை. அநுபவப்பட்ட பூச்சி மறுமுறை அந்தப் பூவின் பக்கம் போகாது. ஆனால் அப்போதுதான் கூட்டைவிட்டு வெளிவந்த பூச்சி ஒன்று போதும், பூவின் காரியம் நடந்துவிடும். பணிக்கொடை கைக்கு வந்த மாதத்து ஓய்வூதியக்காரருக்கு வருகிற கடிதங்களைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அக்கடிதங்கள் ஏன் அவ்வளவு அபத்தமாக இருக்கின்றன என்பதற்கும் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கோர்மாக் ஹெர்லி 2012-ல் ஒரு காரணம் சொன்னார்: புத்திசாலிகள் முதல் வரியிலேயே சிரித்துவிட்டு விலகிவிட்டால், ஏமாறத் தக்கவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள், மோசக்காரனுக்கு வீண் உழைப்பு இல்லை.

அபத்தமான கடிதங்களால் எனக்குத் தொல்லை இல்லை. அழகான கடிதங்களால்தான் தொல்லை. நான் கணக்கு வைத்திருக்கும் வங்கியின் பெயரில் ஒன்று வந்தது. அனுப்பியவர் விலாசத்தைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோதுதான், ஆங்கில எம் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் என்ற இரண்டு எழுத்துகள் தோளோடு தோள் நெருக்கி நின்று எம் வேஷம் கட்டியிருந்தது தெரிந்தது. ‘24 மணி நேரத்துக்குள் கே.ஒய்.சி. புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும்’ என்ற மிரட்டலும் உண்டு. அடுத்த வாரம் மெய்யான வங்கியே ஒரு கடிதம் அனுப்பியது. ‘முன்பின் தெரியாத லிங்க் எதையும் அழுத்தாதீர்கள்’ என்று அது உபதேசித்தது. உபதேசத்தின் கீழே, ‘மேலும் அறிய இங்கே கிளிக் செய்யவும்’ என்று ஒரு நீலப் பொத்தான். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதக் கூடாது என்று அடிக்குறிப்பு வேறு. மறுநாள் தொலைபேசியில் அழைத்த வங்கிப் பெண்மணி, ரகசியம் எதையும் யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எச்சரித்துவிட்டு, சரிபார்ப்பதற்காக என் பிறந்த தேதியைக் கேட்டார். பொய்யன் மெய்யனைப் பார்த்து நடிக்கிறான் என்பது பழைய கதை. மெய்யனும் பொய்யனின் அவசரத்தையும் மிரட்டலையும் சுவீகரித்துக்கொண்டால், மலைப்பூண்டு பயிரிடும் என் அண்டை வீட்டுக்காரர் எதை வைத்து இருவரையும் பிரித்தறிவார்?

கருமிக் கவர்னர் சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வங்கிகளின் இணைய விலாசமெல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும்படி மாற வேண்டும் என்றும், வங்கிச் சேவை அழைப்புகள் 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்து வரவேண்டும் என்றும் விதித்தது நல்ல காரியம். 2017 ஜூலைச் சுற்றறிக்கையும் தன் பிழையின்றிப் பணம் பறிகொடுத்தவர் மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நஷ்டம் அவரைச் சாராது என்று வகுத்தது. ரகசியத்தைத் தானே உளறியவனுக்கோ, வங்கிக்குத் தெரிவிக்கும் நிமிஷம் வரையிலான நஷ்டம் அவன் தலையில். புகார் செய்யும் தொலைபேசி எண் 1930. உப்புச் சத்தியாக்கிரக வருஷம் என்று நான் ஊராருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், ஒருவரும் மறப்பதில்லை. கடிதத்திலுள்ள படங்களைத் தாமாக இறங்கவிட்டால் நாம் திறந்து பார்த்த செய்தி அனுப்பியவனுக்குப் போய்விடும் என்பதையும், முகம் தெரியாதவன் கடிதத்தில் ‘இனி அனுப்பாதே’ என்ற பொத்தானை அழுத்துவது, இந்த விலாசத்தில் ஆள் இருக்கிறான் என்று நாமே கதவைத் திறந்து சொல்வதற்குச் சமம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஸ்பேம் என்று குறித்துத் தள்ளிவிட்டால் தீர்ந்தது. வங்கியில் வேலை இருந்தால், விலாசத்தை நானே ஓரோர் எழுத்தாகத் தட்டிக்கொண்டு போகிறேன். மலையேற்றம்தான், ஆனால் பழக்கமானது.

ஆகவே என் பிரார்த்தனை சிறிது. வாடிக்கையாளருக்கு எழுதும் கடிதத்தில் லிங்க் என்ற வஸ்துவையே வைக்கக் கூடாது, மிரட்டவும் கூடாது என்று வங்கிகளுக்கு ஓர் உத்தரவு பிறப்பிக்க வேண்டும். மிரட்டுவதற்கு உரிய ஏகபோக உரிமை மோசக்காரர்களிடமே இருக்கட்டும். அப்போது மிரட்டல் வந்தாலே பொய்யென்று என் அண்டை வீட்டுக்காரர் கண்டுகொள்வார்.

இந்த விஞ்ஞாபனத்துக்குப் பதில் எழுதத் திருவுளம் பற்றினால் தயவுசெய்து மின்னஞ்சலில் எழுத வேண்டாம். தங்கள் பெயரில் வருவது எதையும் திறப்பதில்லை என்று தங்கள் உபதேசப்படியே விரதம் பூண்டிருக்கிறேன். ஒரு தபால் கார்டு போதும். அதிலும் க்யூ.ஆர். சதுரம் எதுவும் அச்சிடாமல் அனுப்பவும்.

இங்ஙனம்,
செண்பகனூர்க் கணக்குதாரன்