தம்பி, பாப்பாவுக்குத் தொப்பி எங்கே?

சேலத்தில் வழி கேட்பது ஆபத்தான காரியம். மூணு ரோடு, நாலு ரோடு, அஞ்சு ரோடு என்று எண்ணிப் பெயர் வைத்த ஊர் ஆயிற்றே, வழி சொல்வது சுலபமாக இருக்கும் என்று வெளியூர்க்காரர் நினைப்பார். வழியை அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் கச்சேரி. இந்த வெயிலில் ஏன் கிளம்பினீர்கள், தண்ணீர் பாட்டில் வைத்திருக்கிறீர்களா, பாலத்தில் ஏறாதீர்கள், கீழேயே போங்கள். அஞ்சு ரோட்டில் 2020இல் ஈரடுக்கு மேம்பாலம் திறந்தபிறகு இந்த ஆலோசனைகளும் ஈரடுக்காகிவிட்டன. முடிவில், "நீங்க பார்க்கப் போற டாக்டரைவிட அவருக்கு எதிர்ல இருக்கறவர் தேவலை" என்பார்கள். வழி கேட்டவர் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிறவராக இருந்தாலும் இந்தக் கடைசி வாக்கியம் மாறாது. ஃபேர்லேண்ட்ஸுக்கு மனிதர்கள் டாக்டரைப் பார்க்கத்தான் போவார்கள் என்பது ஊரின் அசைக்க முடியாத நம்பிக்கை.

அதில் நியாயமும் உண்டு. சாரதா காலேஜ் ரோட்டில் நடந்தால் எலும்பு, கண், பல், சர்க்கரை, குழந்தை என்று வரிசையாகப் போர்டுகள்தான். இத்தனை டாக்டர்களுக்கு நடுவே குடியிருந்தும் என் மகளைப் பற்றிய முதல் மருத்துவக் கருத்து எப்போதும் எங்கள் வீட்டு கேட்டருகேதான் கிடைத்தது. டோக்கன் கிடையாது, ஃபீஸ் கிடையாது. கேட்காமலே கிடைக்கும் என்பதுதான் முக்கியம்.

குழந்தையை அம்மா தூக்கிக்கொண்டு நின்றால் ஆலோசனை நேராக வரும். அப்பா தூக்கிக்கொண்டு நின்றால் அவர் வழியாக வரும். என்னைத் தெருவே ஒரு தபால் பெட்டியாகத்தான் பார்த்தது. "தம்பி, பாப்பாவுக்குத் தொப்பி எங்கே? அம்மாகிட்ட சொல்லுங்க." "ரெண்டு பால் பல் வந்துருச்சு, இன்னும் மொட்டை போடலியா? அம்மாகிட்ட சொல்லுங்க." தொப்பி கேட்கப்பட்டது மே மாதத்தில். சேலத்து மே மாதத்தில் காக்கையே நிழல் தேடி உட்கார்ந்திருக்கும். குழந்தைக்குத் தொப்பி போட்டுக்கொண்டு போனால் மூலை வீட்டு அக்கா, "இந்த வேக்காட்டுல தொப்பியா? பெத்தவங்களுக்கு அறிவு வேண்டாம்?" என்று அதைக் கழற்றி என் சட்டைப்பையில் வைப்பார். தொப்பி கேட்ட வீட்டுக்கும் கழற்றிய வீட்டுக்கும் நடுவே நாற்பது அடிதான் இடைவெளி.

எதிர்வீட்டு அத்தை எங்களுக்கு உறவில்லை. எங்கள் தெருவில் பேரன் பேத்தி எடுத்த எல்லாரும் அத்தைதான். அவருடைய பாடத்திட்டம் விரிவானது. உச்சிக்கு விளக்கெண்ணெய், கன்னத்தில் திருஷ்டிப்பொட்டு, குளிப்பாட்டி முடித்ததும் சாம்பிராணி. மூக்கை மட்டும் தினமும் நீவிவிடச் சொன்னார். "இப்பவே சரி பண்ணிடணும் கண்ணு. இல்லேன்னா..." என்று நிறுத்தி என் மூக்கைப் பார்த்தார். வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

குழந்தை இரவில் அழுதால் டாக்டர்கள் வயிற்றைத் தட்டிப் பார்ப்பார்கள். அத்தை, "உரம் விழுந்திருக்கு, சேலையில போட்டு உருட்டணும்" என்பார். மூலை வீட்டு அக்கா அதை மறுத்து, "தொண்டையில தொக்கம், ஊதி எடுக்கணும். எடுக்கற பாட்டி அழகாபுரத்துல இருக்காங்க" என்பார். இரண்டு கட்சிகளும் எங்கள் வாசற்படியில் விவாதம் நடத்திக்கொண்டிருக்கும்போது குழந்தை தூங்கிவிடும். இரு தரப்பும் தத்தம் கணக்கில் வெற்றியை எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போகும்.

உரை மருந்து விஷயத்தில் மட்டும் தெருவே ஒரே கட்சி. ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு இவற்றோடு வசம்பையும் உரைகல்லில் உரசித் தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவ வேண்டும். வசம்பின் பெயரைச் சொல்லக்கூடாது என்பது பழைய வழக்கம். அதனால் பேச்சு இப்படித்தான் நடக்கும். "அது இருக்கா வீட்ல?" "எதுங்க அத்தை?" "அதுதான்." "பேர் சொல்லுங்க." "சொல்லக்கூடாதுங்கறேன்ல?" செவ்வாய்ப்பேட்டை நாட்டு மருந்துக் கடைக்காரர் மட்டும், "அது கொடுங்க" என்றதும் எடுத்துக் கொடுத்தார். அமெரிக்காவில் இதே வசம்பை உணவில் சேர்க்கக்கூடாது என்று 1968இல் தடை செய்துவிட்டார்கள். அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் ஆய்வுக்கூட எலிகளுக்குப் புற்றுநோயைக் கொடுத்ததுதான் காரணம். இதை அத்தையிடம் சொன்னேன். "எலிக்கு எதுக்குக் கொடுத்தாங்க?" என்றார்.

இதற்காக அத்தைமார்களை மட்டும் கேலி செய்வது நியாயமில்லை. படித்தவர்கள் சொன்ன ஆலோசனைகளின் சரித்திரத்தைப் புரட்டினால் எதிர்வீட்டு கேட் எவ்வளவோ பரவாயில்லை என்று தோன்றும். நம் வீட்டு அலமாரிகளில் தலைமுறை தலைமுறையாக நிற்கும் கிரைப் வாட்டரை 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் உருவாக்கியவர் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்காரர். அன்றைய கலவையில் சாராயம் இருந்தது. குழந்தை அமைதியாகத் தூங்கியதில் ஆச்சரியமில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் 1928இல் எழுதிய குழந்தை வளர்ப்புப் புத்தகத்தில், பிள்ளையைக் கட்டிப்பிடிக்காதீர்கள், முத்தமிடாதீர்கள், காலையில் பார்த்தால் கை குலுக்குங்கள் என்றார். அந்தப் புத்தகத்தோடு எங்கள் தெருவுக்குள் நுழைந்திருந்தால் அவருக்கே உரம் எடுத்து அனுப்பியிருப்பார்கள். அடுத்து 1946இல் டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக் வந்தார். உங்கள் மனசு சொல்வதை நம்புங்கள் என்று பெற்றோரைத் தட்டிக்கொடுத்த நல்ல மனிதர். ஆனால் அவரே பின்னால் வந்த பதிப்புகளில், குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பது நல்லது என்று எழுதினார். தூக்கத்திலேயே திடீரென நேரும் மரணத்துக்கு அது வழிவகுக்கிறது என்று தெரிந்து, மல்லாத்திப் படுக்க வையுங்கள் என்று அமெரிக்காவில் 1994இல் தனி இயக்கமே நடத்த வேண்டியிருந்தது. நம் வீட்டுத் தூளியில் போட்ட பிள்ளையைக் குப்புறப் படுக்க வைக்கவே வழியில்லை. அந்த ஒரு விஷயத்தில் அத்தைமார்கள் முந்திக்கொண்டார்கள்.

மூலை வீட்டு அக்கா பாப்பாவுக்கு ஒரு பிளாஸ்டிக் வாக்கர் வாங்கி வந்தார். பொத்தானை அழுத்தினால் ஏதோ ஒரு பாட்டை விடாமல் பாடும். மாடிப்படியில் உருண்டு விழும் ஆபத்துக்காக இந்தச் சக்கர வாக்கரைக் கனடா 2004இல் அடியோடு தடை செய்துவிட்டது என்று பக்குவமாகச் சொன்னேன். "அப்போ கனடால பிள்ளைங்க நடக்கறதே இல்லியா?" என்றார் அக்கா. பதில் சொல்வதற்குள் வாக்கர் பாட ஆரம்பித்துவிட்டது.

குழந்தைத் துறை பெண்கள் கையில் என்றால் வீட்டு நிர்வாகத்துறை மாடிவீட்டு சாரிடம். வங்கியில் ஓய்வு பெற்றவர். காலையில் பேப்பரைப் பார்த்து மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை அறிவிப்பது அவருடைய திருப்பணி. 1934இல் கட்டி முடித்த அணை, முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. எல்லாம் அவருக்கு மனப்பாடம். "அணை நிரம்பிடுச்சு, உங்க தொட்டி நிரம்பிச்சா?" என்பார். நல்ல தண்ணி வரும் நாளை மனைவிக்குத் தெரிவிக்கும் பொறுப்பும் என்னிடமே வந்து சேர்ந்தது. உப்புத் தண்ணியில் தலைக்கு ஊற்றினால் முடி கொட்டும் என்று அவர் எச்சரிப்பார். அவர் தலையில் அதற்கான ஆதாரம் பளபளவென்று தெரியும். செல்போன் குழந்தைக்கு விஷம் என்பதும் அவர் கட்சிதான். உலக சுகாதார நிறுவனம்கூட, இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று 2019இல் சொல்லியிருக்கிறது. ஆனால் பாப்பா அழுதால் முதலில் பாட்டுப் போட்டுக் காட்டுகிற போன் அவருடையது. "இது என் போன்தானே, உங்க போன் இல்லியே" என்பார்.

கோடை வந்தால் மாம்பழப் பஞ்சாயத்து. "பாப்பாவுக்கு மாம்பழம் கொடுத்துடாதீங்க, சூட்டுக் கொப்புளம் கிளம்பும்" என்று சொல்லிக்கொண்டே அத்தை ஒரு பை நிறைய மல்கோவாவை நீட்டுவார். யாருக்கு என்று கேட்டால், "பாப்பாவுக்குத்தான்" என்பார். சேலத்தில் மாம்பழம் இல்லாமல் ஒரு குழந்தையை வளர்க்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆலோசனை ஒரு பக்கம், பை ஒரு பக்கம்.

பாப்பாவுக்கு நடை வந்ததும் பேச்சு பள்ளிக்கூடத்துக்குத் தாவியது. எல்.கே.ஜி. எங்கே என்று கேட்பார்கள் என எதிர்பார்த்தேன். சார் ஒரேயடியாக, "பிளஸ் டூ நாமக்கல்லா, ராசிபுரமா?" என்றார். அந்தப் பக்கத்து விடுதிப் பள்ளிகள் மார்க்குக்குப் பேர் போனவை. கோழிப் பண்ணைகளுக்கும் பேர் போன ஊர் என்பதால் பிராய்லர் பள்ளி என்று ஊர் கேலி செய்யும். கேலி செய்த கையோடு வரிசையில் நின்று அட்மிஷனும் வாங்கும். 2017இல் தமிழக அரசு பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதையே நிறுத்திவிட்டது என்றேன். "அரசாங்கம் நிறுத்தினா நாம நிறுத்தணுமா?" என்றார். அப்போது பாப்பா தட்டுவடை செட்டில் இருந்த பீட்ரூட்டை மட்டும் பொறுக்கி அவர் வேட்டியில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லா ஆலோசனையும் இப்படிச் சிரித்துத் தள்ளக்கூடியதில்லை. மகள் பிறந்த வாரம் வந்தவர்களில் ஒருவர், "பொண்ணா... பரவாயில்ல, அடுத்தது பையனாப் பொறக்கும்" என்று ஆறுதல் சொன்னார். நாங்கள் ஆறுதல் கேட்கவில்லை. பிறந்த பெண் குழந்தைகளைக் கொன்றுவிடும் கொடுமையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு 1992இல் முதலில் தொடங்கியது எங்கள் சேலத்தில்தான். வேண்டாம் என்றால் கொல்லாதீர்கள், இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று ஓர் அரசாங்கம் சொல்ல வேண்டியிருந்தது. பெற்றவளின் காதில் அக்கம்பக்கம் ஓதியதற்கும் அதில் பங்குண்டு. "பரவாயில்ல" என்ற அந்தச் சொல்லை நான் மனைவியிடம் சேர்க்கவில்லை. அன்று குழந்தையை என் கையிலிருந்து வாங்கிய அத்தை, வந்தவரைப் பார்த்து, "மகாலட்சுமி வந்திருக்கா, உங்களுக்கு என்ன பரவாயில்ல?" என்று கேட்டார். வந்தவர் காபி குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

ஒரு ராத்திரி பாப்பாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. சார் லுங்கியோடு வந்து காரை எடுத்தார். அத்தை பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்து, சாருக்கு எந்த கியரில் போவது என்பது உட்பட எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். மூலை வீட்டு அக்கா எங்கள் வீட்டுக்குள் போய் அடுப்பை அணைத்து, கதவைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டார். டியூட்டி டாக்டர் எடை பார்த்துப் பாரசிட்டமால் கொடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துத் துடைக்கச் சொன்னார். "நானும் அதைத்தான் சொன்னேன்" என்றார் அத்தை. அவர் சொன்னது வேறு. ஆனால் விடியும் வரை துடைத்தது அவர்தான்.

சின்னக் குழந்தை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இரண்டே விஷயம். முதலாவது, எல்லைக்கோடு. உடம்புக்கு வெளியே நடப்பதெல்லாம் அத்தை எல்லை, உள்ளே போவதெல்லாம் டாக்டர் எல்லை. மை கன்னத்தில் இருந்தால் அத்தையைக் கேளுங்கள், கண்ணுக்குள் போவதானால் டாக்டரைக் கேளுங்கள். எண்ணெய் உச்சியோடு நிற்கட்டும், மூக்குக்கும் காதுக்கும் வேண்டாம். தொண்டைக்குள் யாரும் ஊதக்கூடாது. ஒரு வயது ஆகும்வரை தேனை நாக்கில் தொட்டு வைக்கவும் கூடாது, அதிலிருக்கக்கூடிய கிருமி பச்சைக் குழந்தையின் நரம்பையே முடக்கிவிடும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். உரை மருந்தும் அத்தை எல்லைக்கு வெளியேதான்.

இரண்டாவது, யாராவது ஆலோசனை சொல்ல வாயைத் திறந்ததும் பேசாமல் குழந்தையை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். வாங்கிக்கொண்டு பேசினால் அவர் உங்கள் மனிதர். சொல்வதில் பாதி தப்பாக இருந்தாலும் தலையாட்டி வையுங்கள், அந்த நேரத்தில் சாப்பிட்டு முடித்துவிடலாம். "ஐயோ, சேலையெல்லாம் நனைச்சுடுவா" என்று பின்வாங்கினால், அவர் சொல்வது அத்தனையும் சரியாகவே இருந்தாலும் கேட்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.