குளவிக்கு யார் பொறுப்பு?

கேள்வி: கொழுந்து பறிக்கும்போது அம்மாவைக் குளவி கொட்டிவிட்டது. "குளவியைக் கம்பனியா வளர்த்தது? ஒப்பந்தத்தில் இதெல்லாம் இல்லையே" என்கிறார்கள் தோட்டத்தில். நட்டஈடு கேட்க வழியுண்டா?
– வாசகி, ஹட்டன்

பதில்: உண்டு. செக்ரோலில் குளவிக்குப் பேர் இல்லைதான், அம்மாவுக்கு இருக்கிறதே!

சம்பளமும் வேலை நேரமும் ஒப்பந்தத்தில் வருபவை. பிறருக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ளும் கடமையோ, யாரும் கையெழுத்துப் போடாமலே சட்டம் சுமத்துவது. மலையில் கூடு இருப்பது தெரிந்தும் ஆட்களை அங்கே அனுப்பினால் அது கவனயீனம். ரோமன் டச்சுச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். ஆனால் தவறை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இன்னும் கிட்டிய வழி. குற்றம் யாருடையது என்று அது கேட்பதில்லை. வேலை நேரத்தில், வேலை காரணமாக விபத்து நேர்ந்ததா, அதனால் உழைக்க முடியாமல் போனதா என்றுதான் பார்க்கும்.

தாமதிக்காமல் நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். அன்று பேர் விழுந்த விவரம், டிஸ்பென்சரித் துண்டு, ஆஸ்பத்திரி அட்டை மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். மறுத்தால் நட்டஈட்டு ஆணையாளரிடம் போங்கள். அம்மாவுக்கு உரியதைக் கேட்கக் கூச்சமே வேண்டாம்.