இன்னும் ஒரே ஒரு சாமான்

"இன்னும் ஒரே ஒரு சாமான்தான் பாக்கி, சகலை. அது வந்துட்டா வண்டி ரெடி."

நான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் சொந்தத்திலும் இப்படி ஒருவர் இல்லாமலா போவார்? என் சகலை பகலெல்லாம் டெட்ராய்ட் பக்கம் ஒரு கார் கம்பெனியில் உட்கார்ந்து, ஒரு இன்ஜின் இரண்டு லட்சம் மைல் உழைக்க என்ன வழி என்று மண்டையை உடைத்துக்கொள்வார். ராத்திரி வீட்டுக்கு வந்து, நன்றாக ஓடுகிற இன்ஜினை இருநூறு மைலில் முடிக்க என்ன வழி என்று பார்ப்பார்.

வண்டி 1990 மாடல் மாஸ்டா மியாட்டா. இரண்டே சீட்டு, கூரையைத் திறந்துகொள்ளலாம். எடை ஒரு டன்னுக்கும் குறைவு. 1.6 லிட்டர் இன்ஜின், 116 குதிரைசக்தி. இந்த வகையில் பத்து லட்சமாவது கார் 2016-ல் வெளிவந்தது. மற்றவர்கள் வாங்கி ஓட்டுகிறார்கள். நம் ஆள் வாங்கிக் கழற்றுகிறார்.

முதலில் டர்போ. "புகையாப் போற காத்து சும்மா வீணாத்தானே போகுது? அதை வெச்சு ஒரு சக்கரத்தைச் சுத்த விடறோம். நிமிஷத்துக்கு லட்சம் சுத்து. அது வெளிக்காத்தை அமுக்கி உள்ளே தள்ளும். காத்து கூடினா பெட்ரோல் கூடும், பெட்ரோல் கூடினா பவர் கூடும். அவ்வளவுதான் சகலை."

அவ்வளவுதான் என்று நானும் நம்பினேன்.

அமுக்கிய காற்று சூடாகுமாம்; ஆற வைக்க இன்டர்கூலர். அது வந்தது. பெட்ரோல் போதவில்லை, பெரிய இன்ஜெக்டர். அதைப் பழைய கம்ப்யூட்டரால் மேய்க்க முடியவில்லை, புதுக் கம்ப்யூட்டர். ஒருவழியாகப் பவர் வந்தது, வந்த வேகத்தில் கிளட்ச் வழுக்கியது. கிளட்சை மாற்றினார். அதுவரை கிளட்ச் வாங்கிக்கொண்டிருந்த உதையெல்லாம் பின்பக்கம் போய் டிஃபரன்ஷியலில் பல் தெறித்தது. 1994-க்கு முந்தைய வண்டிகளில் அது நோஞ்சானாம்.

"முன்னாடியே தெரியுமா?" என்றேன்.

"எல்லாருக்கும் தெரியும்" என்றார்.

ஒன்று சொல்ல வேண்டும், மனிதர் பொய் சொன்னதில்லை. அந்தந்த நேரத்துக்கு ஒரே ஒரு சாமான்தான் பாக்கி இருந்தது.

ஒருநாள் வாய் சும்மா இராமல், "மாஸ்டாக்காரனே 2004-ல டர்போ வெச்சு 178 குதிரைசக்தியில வித்தானே, அதுல பழசா ஒண்ணு வாங்கியிருக்கலாமே?" என்று கேட்டுத் தொலைத்தேன். பொங்கல் பானை முன் நிற்பவரிடம், ஹோட்டலில் பார்சல் வாங்கியிருக்கலாமே என்றால் எப்படிப் பார்ப்பார்? அப்படிப் பார்த்தார்.

கலிஃபோர்னியாவாக இருந்தால் புகைச் சோதனையிலாவது மாட்டியிருப்பார். மிச்சிகனில் அதுவும் கிடையாது. கேட்க வேண்டிய என் கொழுந்தியாளோ, "குடிக்காம கொள்ளாம வீட்டோட கிடக்கிறார், விடுங்க மாமா" என்கிறாள்.

ஒரே ஒருமுறை அதில் ஏறியிருக்கிறேன். அக்டோபர் ஞாயிறு, ரோடெல்லாம் சிவப்பு இலை. மிதித்தார், ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. எங்கோ ஒரு மெல்லிய விசில். ஐம்பது வயது மனிதர், மூக்குக்கண்ணாடி கோணிக்கொண்டது கூடத் தெரியாமல், "கேக்குதா? கேக்குதா?" என்று என் தொடையைத் தட்டினார். அந்த நிமிடம் எனக்கு அவரை ரொம்பப் பிடித்தது. அடுத்த நிமிடம் 'டப்' என்று காற்றுக்குழாய் கழன்றது. என் மனைவி கரோலாவை எடுத்து வந்து எங்களை ஏற்றிக்கொண்டாள்.

அந்தக் கரோலா என்னுடையது. ஒஹையோவில் டிஃபரன்ஷியல் எடுக்கப் போனது அதில்தான். அது வந்த டிக்கியில் இன்றைக்கும் கியர் ஆயில் வாடை. காய்கறிப் பை வைக்க முடியவில்லை. மியாட்டா ஓடிய தூரத்தைவிட மியாட்டாவுக்காகக் கரோலா ஓடிய தூரம் அதிகம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பெட்ரோல் போட்டுக் கொடுத்திருக்கலாம்.

இப்போது டர்போவே வேண்டாமாம். பழைய கார்வெட்டில் இருந்த 5.7 லிட்டர் வி8 ஒன்று கிடைத்திருக்கிறது. அலுமினியம், பாரம் பெரிசாக ஏறாதாம். "எல்லாச் சிக்கலும் தீர்ந்தது சகலை. இன்ஜின் ஒண்ணுதான் மாத்தணும்."

கழற்றிய பழைய இன்ஜினை அவர் வீட்டில் வைக்க இடமில்லை. ஒரு வாரத்துக்கு என்று நவம்பரில் என் கராஜுக்கு வந்தது. இது ஜனவரி. அது உள்ளே போர்வை போர்த்திக்கொண்டிருக்கிறது. கரோலா வெளியே பனியில் நிற்கிறது. தினமும் காலை ஆறு மணிக்குக் கண்ணாடியில் ஐஸ் சுரண்டுகிறேன்.

ஒரு சொட்டு ஆயில்கூட ஒழுகாது என்று சொல்லித்தான் வைத்துவிட்டுப் போனார். ஒழுகுகிறது.