அரை மாரத்தான் ஆசாமி

சென்னைப் பட்டணத்தில் மார்கழி மாதத்து விடியற்காலை நாலரை மணிக்கு விழித்திருப்பவர்கள் முன்பெல்லாம் மூன்று வகையினராகவே இருந்தார்கள்: வாசலில் கோலம் போடுகிற பெண்மணிகள், திருப்பாவையைச் சொல்லிவிட்டு வெண்பொங்கலுக்குக் காத்து நிற்கிற பக்தர்கள், இவ்விரு சாராரையும் சந்தேகக் கண்ணோடு கவனித்து வருகிற தெரு நாய்கள். சமீப காலத்தில் நான்காவதாக ஒரு வகுப்பார் சேர்ந்திருக்கிறார்கள். கிளிப்பச்சை நிறத்தில் ஒரு பனியனும், முழங்காலுக்கு வெகு உயரத்திலேயே முடிந்துவிடுகிற ஒரு கால்சட்டையும், சிறு சிறு தண்ணீர்க் குப்பிகளைச் செருகிய ஓர் இடுப்பு வாரும், மணிக்கட்டை முழுவதுமாக ஆக்கிரமித்த ஒரு கடிகாரமுமாக, பின்னால் எவரும் துரத்தாமலும் முன்னால் எந்தப் பஸ்ஸும் புறப்படாமலும் இருக்கும்போதே ஓடிக்கொண்டிருக்கும் நடுவயதுக் கனவான் ஒருவரை நீங்கள் பார்க்க நேர்ந்தால், அவர் தம் முதல் அரை மாரத்தானுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறார் என்று தாராளமாக நிச்சயித்துக்கொள்ளலாம்.

பழகிய ஓட்டக்காரர்களைப் பற்றி எழுதுவதற்கு அதிகமாக ஒன்றும் இல்லை. மெலிந்து, வெயிலில் கறுத்து, சாயம் போன ஒரு பனியனைப் போட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல் முப்பது கிலோமீட்டர் ஓடிவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்து ஆபீசுக்குக் கிளம்பிவிடுகிற அந்த ஞானிகளால் இலக்கியத்துக்கு எந்தப் பிரயோஜனமும் கிடையாது. புதிதாகத் தீட்சை பெற்றவரே நமக்கு உரியவர். அதிலும் பத்துக் கிலோமீட்டரை எப்படியோ ஓடி முடித்துவிட்டு, இருபத்தொன்றுக்குப் பணம் கட்டிப் பெயரைப் பதிவு செய்துகொண்டு, அந்தச் சமாசாரத்தை இன்னும் இரண்டு பேருக்காவது சொல்லியாக வேண்டுமே என்ற தவிப்போடு நம்மை நோக்கி வருகிறாரே, அவரே இந்தச் சித்திரத்தின் நாயகர். எங்கள் அண்டை வீட்டிலேயே அப்படி ஒருவர் இருக்கிறார் ஆகையால், நான் எதையும் கேள்வி ஞானத்தில் எழுதவில்லை.

இத்தகையவர்களுடைய பூர்வ கதை பெரும்பாலும் ஒரு ரத்தப் பரிசோதனையில்தான் ஆரம்பமாகிறது. நாற்பதைத் தாண்டிய வயதில், அலுவலகத்தார் செலவில் நடந்த சோதனையில், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் எண் 6.2 என்று அச்சாகி வருகிறது. 5.7-க்குக் கீழே இருந்தால் க்ஷேமம், 6.5-ஐத் தொட்டால் வியாதி, நீங்கள் இரண்டுக்கும் நடுவே திரிசங்குவைப் போல் நின்றுகொண்டிருக்கிறீர்கள் என்று டாக்டர் விளக்குகிறார். மறுநாளே பூங்காவில் நடை ஆரம்பம். "சார், நீங்க நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் ஓடியே பார்க்கலாமே" என்று அங்கே எவனோ ஒரு புண்ணியவான் சொல்லிவைக்க, காலேஜ் நாளில் பரீட்சைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடியதைத் தவிர வேறெதற்கும் ஓடியறியாத மனிதர், அந்த முகஸ்துதிக்கு வசப்பட்டு, ஆறே மாதத்தில் ஓட்டத்தைப் பற்றி உபந்யாசம் செய்கிற நிலையை அடைந்துவிடுகிறார்.

இந்த மாறுதலில் கால்களை முந்திக்கொள்வது கணக்குப் புத்திதான். பால்காரருக்கு எத்தனை நாள் பாக்கி என்பதை ஒருநாளும் ஞாபகம் வைத்துக்கொள்ளாதவர், ஒரு கிலோமீட்டரை எத்தனை நிமிஷம் எத்தனை விநாடியில் கடந்தார், அப்போது இதயம் எத்தனை முறை அடித்தது, நிமிஷத்துக்கு எத்தனை காலடி விழுந்தது, ஷூ இதுவரை எத்தனை கிலோமீட்டர் தேய்ந்திருக்கிறது, அதற்கு இன்னும் எவ்வளவு ஆயுள் பாக்கி என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுகிறார். தூங்கியதற்குக்கூடக் கடிகாரம் மார்க்குப் போடுகிறது. காலையில் அவருடைய மனைவி காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டே, "நல்லாத் தூங்கினீங்களா?" என்று சம்பிரதாயமாகக் கேட்டால், நம் நண்பர் உடனே பதில் சொல்வதில்லை; மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அறுபத்து நாலு. சுமார்தான்" என்கிறார்.

ஜோடி பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கிய அந்த ஷூவின் அடியில் நுரை எவ்வளவு கனம், குதிகாலுக்கும் விரலுக்கும் உயர வித்தியாசம் எத்தனை மில்லிமீட்டர், தம் பாதம் தரையில் படும்போது உட்புறமாக எவ்வளவு சாய்கிறது என்பன போன்ற ரகசியங்களை அவர் விவரிக்கையில், இவ்வளவு காலம் மனித குலம் வெறும் பாதங்களை வைத்துக்கொண்டு எப்படித்தான் சமாளித்ததோ என்ற கவலை கேட்பவருக்கு உண்டாகிவிடும். அப்படிப்பட்ட ஒரு சந்தர்ப்பத்தில் நான் ஷிவ்நாத் சிங்கைப் பற்றிப் பிரஸ்தாபித்தேன். வெறுங்காலோடு ஓடுவதற்குப் பேர்போன அந்த வீரர், 1976-இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் 11-ஆவதாக வந்தார். 1978-இல் ஜலந்தரில் முழு மாரத்தானை 2 மணி 12 நிமிஷத்தில் ஓடி, பல பத்தாண்டுகள் எந்த இந்தியராலும் அசைக்க முடியாத தேசிய சாதனையை ஸ்தாபித்தார். அதில் சரிபாதித் தூரத்துக்கு நம் நண்பர் வகுத்துக்கொண்டிருந்த லட்சியம் இரண்டரை மணி. அவர் சற்று யோசித்துவிட்டு, "அந்தக் காலத்துல ரோடு நல்லா இருந்திருக்கும் சார்" என்றார்.

இவ்வளவு தூரத்தை அலட்சியமாகப் பேசுகிறவரிடம், தெருக்கோடிக் கடையிலிருந்து ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கி வரச் சொன்னால் ஸ்கூட்டர் சாவியைத் தேடுகிறார். காரணம் விசாரித்தால், இன்று 'ரெஸ்ட் டே' என்கிறார். தேகம் பலமடைவது ஓடுகையில் அன்று, ஓய்ந்திருக்கையில்தான் என்பது அவர்களுடைய சித்தாந்தம்; உடற்பயிற்சி சாஸ்திரம் அறிந்தவர்களும் அதை ஒப்புக்கொள்கிறார்கள். அதற்கும் கொத்தமல்லிக்கும் உள்ள சம்பந்தத்தை மட்டும் அவருடைய மனைவி இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த தாயாரோ, மகன் விடியுமுன் வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்ததைக் கண்டு, "ஏன்டா, யாராச்சும் துரத்தறாங்களா? கடன் கிடன் வாங்கியிருக்கியா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

சென்னையில் ஓடுவதற்குப் பருவங்களும் ஒத்தாசை செய்வதில்லை. ஜனவரி மாதத்துப் பந்தயத்துக்கு ஆகஸ்டிலேயே தயாராகத் தொடங்க வேண்டும். அப்போது விடியற்காலையிலும் கடற்கரைக் காற்றில் ஈரம் கனத்துக் கிடப்பதால், வியர்வை ஆவியாகப் போக வழியின்றி முதுகிலும் தொடையிலும் வழிந்து ஷூவுக்குள் இறங்கி, அடிக்கு அடி சளக் சளக்கென்று சப்திக்கிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை, நவம்பரில் புயல் எச்சரிக்கை. அட்டவணையில் 18 கிலோமீட்டர் என்று எழுதியிருந்த ஞாயிற்றுக்கிழமையன்று தெருவில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. மழை விட்ட இடைவெளியில் நம் நண்பர் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி ஓட, மேல்மாடி வீட்டார் குடையோடு ஏறி வந்து க்ஷேமம் விசாரித்தார்கள். நாய்களின் விவகாரம் இதனினும் சூக்ஷ்மமானது. அவை நடப்பவரை விட்டுவிடும்; ஓடுபவரை விடா. ஆகவே அவர் நாயுள்ள ஒவ்வொரு முனையிலும் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, யோகியைப் பழிக்கும் நிதானத்தோடு நடந்து கடந்து, அப்பால் போய் மறுபடி அதைத் தட்டிவிட்டு ஓடுகிறார். இந்த ஏற்பாட்டினால் அவருடைய சராசரி வேகத்துக்குக் களங்கம் ஏதும் நேர்வதில்லை.

தூரத்தை அவர் வெறுமனே 21 என்று சொல்லிவிடுவதில்லை, 21.1 என்பார். அந்தப் புள்ளிக்குப் பின்னால் ஒரு ராஜ வம்சமே இருக்கிறது. 1896-இல் ஏதென்ஸில் நடந்த முதல் ஒலிம்பிக் மாரத்தானின் தூரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். 1908-இல் லண்டனில், ஓட்டத்தை விண்ட்ஸர் கோட்டையில் தொடங்கி, விளையாட்டரங்கில் அரச குடும்பத்தார் வீற்றிருக்கும் மாடத்துக்கு எதிரே முடிக்க வேண்டுமென்று ஏற்பாடு செய்ததில் அது 26 மைலும் 385 கஜமும் ஆயிற்று. 1921-இல் அதுவே நிரந்தர விதியும் ஆயிற்று. அதாவது 42.195 கிலோமீட்டர், அதில் பாதி 21.0975. அன்று அந்த ஆசனங்களைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திப் போட்டிருந்தால், இன்று மெரினாவில் எத்தனையோ குடும்பஸ்தர்களுக்குக் கடைசி நிமிஷத்தில் இவ்வளவு மூச்சு முட்டியிராது.

பந்தயத்துக்கு முதல் நாள் அவர் வீட்டில் கல்யாண வீட்டுக் களை. சர்க்கரைக்குப் பயந்து மாதக்கணக்கில் அரைக் கரண்டிச் சாதத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தவர், தேகத்தில் மாவுச்சத்தைச் சேமித்து வைக்க வேண்டும் என்ற சாஸ்திரத்தின் பெயரால், உருளைக்கிழங்குக் கறியோடு மூன்று முறை சாதம் போடச் சொல்லிச் சாப்பிட்டார். பிறகு பனியன், கால்சட்டை, காலுறை, ஷூ, தொப்பி, சக்தி தரும் பாகு அடைத்த இரண்டு பொட்டலங்கள் எல்லாவற்றையும் கட்டிலின்மீது ஓர் ஆள் படுத்திருக்கும் பாவனையில் பரப்பிப் புகைப்படம் எடுத்துச் சுற்றத்தாருக்கு அனுப்பினார். அடுத்தது, இலக்கமிட்ட காகிதத்தைப் பனியனில் ஊக்கு குத்தும் வைபவம். நான்கு மூலைக்கு நான்கு ஊக்கு, மனைவி குத்தினாள். கண்ணாடியில் பார்த்துவிட்டு, இடப்பக்கம் ஏறியிருக்கிறது என்றார், எடுத்துக் குத்தினாள். மூச்சை இழுத்தால் காகிதம் மடங்குகிறது என்றார். மறுபடியும் எடுத்துக் குத்தினாள். "ஏங்க, இதைப் பார்த்து நம்பர் எழுதறவங்க கண்ணாடி போட்டிருப்பாங்கல்ல, விடுங்க" என்று அந்த அம்மாள் சொன்னபோது மணி பத்து. இரண்டே முக்காலுக்கு அலாரம். அன்றைய தூக்கத்துக்குக் கடிகாரம் கொடுத்த மார்க்கை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பந்தயத்தில் அவர் செய்த முதல் காரியம், புதிதாக வந்தவர்கள் அனைவரும் செய்வதுதான். முதல் மூன்று கிலோமீட்டரைப் பறந்தார். இரண்டரை மணியில் முடிக்க விரும்புவோருக்கு வழிகாட்டியாக, கொடி ஏந்திக்கொண்டு ஒரே சீராக ஓடும் 'பேஸர்' என்பவரை நாலாவது கிலோமீட்டரில் அலட்சியமாகத் தாண்டினார். அந்தக் கொடி பதினாலாவது கிலோமீட்டரில் எவ்விதத் துவேஷமும் இல்லாமல் அவரைத் தாண்டிப் போயிற்று. நடுவே ஒரு பாகுப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்தபோது, பாதி வாயிலும் பாதி கடிகாரத்தின் மீதும் விழ, வேகம் இன்னதென்று தெரியாமல் ஒரு கிலோமீட்டர் தூரம் அநாதையாக ஓடினார். 1959-இலிருந்து பாறையைப் புரட்டப் பிரயத்தனப்பட்டுக்கொண்டிருக்கும் உழைப்பாளர் சிலையின் நால்வரையும் போகும்போது புன்னகையோடு கடந்தவருக்கு, திரும்பி வரும்போது, ஐந்தாவது ஆளாகப் போய்ச் சேர்ந்துகொண்டு நின்றுவிடலாமா என்று தோன்றியதாம்.

நான் அந்தப் பதினாலாவது கிலோமீட்டரில் நின்றுகொண்டிருந்தேன். அங்கே சாலையை மறித்திருந்தபடியால், நிறுத்தப்பட்ட ஓர் ஆட்டோக்காரர் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார். "இன்னா சார், காசு குடுத்தா ஓடறாங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நம்ம கைல குடுத்திருந்தா நானே இட்டுக்கினு போய் உட்டிருப்பேனே!" என்று உண்மையான விசனத்தோடு சொன்னார். பக்கத்தில் உற்சாகப்படுத்த வந்திருந்த யுவ யுவதிகள், வருகிறவர்களையெல்லாம் நோக்கி, "சூப்பர் அங்கிள்! இன்னும் கொஞ்ச தூரந்தான்!" என்று கூவினார்கள். நம் நண்பர் தலையைத் தூக்கி அவர்களை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் அங்கிள் என்றதற்கு எவ்வளவு, கொஞ்ச தூரம் என்றதற்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

முடித்தும்விட்டார். எவ்வளவு நேரத்தில் முடித்தார் என்பதற்கு மூன்று விடைகள் உள. துப்பாக்கி வெடித்ததிலிருந்து கணக்கிட்டால் 2 மணி 41 நிமிஷம். அவர் கோட்டைத் தாண்டியதிலிருந்து, காகிதத்தில் ஒட்டிய சில்லு சொல்லும் கணக்கு 2 மணி 38 நிமிஷம். கடிகாரமோ மொத்தம் 21.4 கிலோமீட்டர் ஓடியதாகக் காட்டுவதால், அதிலே 21.1-ஐத் தொட்ட நேரம் 2 மணி 36 நிமிஷம். பந்தயப் பாதையை விதிப்படி வளைவுகளை ஒட்டிய மிகக் குறுகிய வழியிலே அளந்து, எங்கே குறைந்துவிடுமோ என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் கூட்டியும் வைக்கிறார்கள். தண்ணீருக்காக ஓரத்துக்கும் நிழலுக்காக மறு ஓரத்துக்கும் அலைந்தவருக்குத் தூரம் கூடத்தான் செய்யும். இதை நான் எடுத்துரைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எதிர்ப்பட்ட அடுத்த மனிதரிடம் 2 மணி 36 நிமிஷம் என்றார்.

உறவினர்களிடமோ எந்த விடையும் எடுபடவில்லை. மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எடுத்த படத்தைக் கண்டு தொலைபேசியில் அழைத்த பெரியப்பா, "எத்தனாவதா வந்தேப்பா?" என்றார். "மூவாயிரத்துச் சொச்சம், பெரியப்பா." "அப்புறம் மெடல் எப்படிக் குடுத்தான்?" "ஓடி முடிச்ச எல்லாருக்கும் உண்டு, பெரியப்பா." மறுமுனையில் சிறிது மௌனம். "அப்படின்னா மெதுவாவே போயிருக்கலாமே!"

அடுத்த இரண்டு நாளும் அவர் மாடிப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பற்றியவாறு பின்புறமாக இறங்கினார். கட்டைவிரல் நகம் ஒன்று கறுத்துவிட்டது; கேட்காதவர்களுக்கும் காலுறையைக் கழற்றிக் காட்டினார்.

இத்தனை எண்களையும் மனப்பாடமாக ஒப்பிக்கிறவர் வாயிலிருந்து ஒரே ஓர் எண் மட்டும் வந்ததே இல்லை. அதை அவருடைய மனைவிதான் எங்கள் வீட்டில் சொன்னார்: பொங்கல் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில், 6.2 என்று இருந்தது 5.6 ஆகியிருக்கிறது. நான் போய் விசாரித்தபோது, "ஆமாம், ஏதோ குறைஞ்சிருக்காம்" என்று அசிரத்தையாகச் சொல்லிவிட்டு, அடுத்த ஜனவரிக்குக் கிலோமீட்டருக்கு எத்தனை விநாடி குறைக்க வேண்டும் என்பதை எனக்கு விளக்கத் தொடங்கினார். வீடு வாங்கி விற்பதையும், பங்குச் சந்தையையும், தம் பிள்ளைகளின் மார்க்கையும் ஓயாமல் பேசுகிற அண்டை வீட்டாரோடெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தால், இவரை நான் மகா சாது என்றே சொல்லுவேன்.

ஆகையால் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் தெரு வழியாக இத்தகைய ஓட்டம் என்றைக்காவது வருமானால், சாலையை மறித்துவிட்டார்களே என்று சலித்துக்கொள்ளாமல் வாசலில் வந்து நில்லுங்கள். இன்னும் கொஞ்ச தூரந்தான் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். ஏழு கிலோமீட்டர் பாக்கி இருந்தால் ஏழு என்றே சொல்லுங்கள். எண் என்றால் அவர்களுக்குப் போதும். வீட்டில் உப்புப் போட்ட நீர்மோர் இருந்தால் அதையும் ஒரு டம்ளர் கொடுங்கள்.