ஓஸ் பைப் சார்

நெய்வேலி டவுன்ஷிப்பில் எந்த வட்டத்துக்குள் நுழைந்தாலும் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஓஸ் பைப்பும் கையுமாகக் காம்பவுண்டு சுவரோரம் நிற்பார். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். காவல் நிற்கிறார். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, சுவரிலும் சிமென்ட் தரையிலும் பாசி வழுக்க ஆரம்பித்து, "போகிக்குள்ள இதக் கழுவணும்" என்று வீட்டம்மா பிளீச்சிங் பவுடர் டப்பாவைத் தேடும் நாளிலிருந்து அவருக்கு டியூட்டி தொடங்குகிறது.

இத்தனைக்கும் மனிதர் அனல்மின் நிலையத்தில் தண்ணீர் சுத்திகரிப்புப் பிரிவில் தலை நரைத்தவர். கொதிகலனுக்குப் போகும் தண்ணீரில் உப்பு இருக்கக் கூடாது. அந்த உப்பைப் பிடித்துவைக்கும் பிசின் மணிகளை அமிலமும் காஸ்டிக் சோடாவும் விட்டுக் கழுவித்தான் மறுபடி வேலைக்குத் தயார் செய்வார்கள். டேங்கரில் வந்து இறங்கிய அமிலத்துக்கு அசராதவர், கறிவேப்பிலைக்கு நாலடி தள்ளி அரை மூடி ஆசிட்டைப் பார்த்தால் வெலவெலத்துப் போகிறார்.

"கொஞ்சம் நில்லும்மா, நில்லும்மா! மொதல்ல செடி நனையட்டும்."

"இப்பத்தான சார் மழ பேஞ்சி விட்டுச்சி?" என்கிறார் வேலைக்கு வரும் அம்மா.

"மழ போன வாரம். ஆசிட்டு இன்னிக்கி."

கேலி செய்யலாம், ஆனால் விஷயத்தில் அவர் பக்கம்தான் நியாயம். இலையும் வேர்மண்ணும் முன்கூட்டியே நன்றாக நனைந்திருந்தால், மேலே தெறிப்பது நீர்த்துப்போகும், உள்ளே இழுபடுவதும் குறையும். காய்ந்த செடியோ விழுந்ததை அப்படியே குடித்துவிடும். நெய்வேலிச் செம்மண்ணில் தண்ணீர் தேங்காது. வழிந்த ஆசிட்டும் நேரே வேருக்கு இறங்கிவிடும். அதனால் கழுவும் முன்னால் ஒரு முறை, கழுவும்போது இடையிடையே, கழுவி முடித்த பின் தாராளமாக ஒரு முறை என்று ஓஸ் பைப் ஓயாது. செம்பருத்திக்கும் இட்லிப் பூவுக்கும் பிளாஸ்டிக் ஷீட் போர்த்துவார். வேலை முடிந்த மறுநிமிஷம் அதை உருவியும் விடுவார், வெயிலில் விட்டால் ஷீட்டுக்குள் செடி அவிந்துவிடும் என்பதால். இந்த அவசரத்தில் ஒரு முறை சோப்பு நுரையோடு நின்ற தன் ஸ்கூட்டரையும் சேர்த்துப் போர்த்தி, எடுக்க மறந்தார் என்று தெருவில் சொல்கிறார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வரும் ஆளின் பாடு இன்னும் மோசம். சொட்டுச் சுண்ணாம்பு இலையில் விழுந்தால் மட்டையை வாங்கி வைத்துவிட்டுப் பிரசங்கம் தொடங்கும்.

இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று சென்னைக்காரர் வாய் பிளக்கலாம். நெய்வேலியில் நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் ஊற்றுநீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை ராப்பகலாக இறைத்தால்தான் சுரங்கம் நடக்கும். தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்காத ஊரில்தான் இப்படி ஒரு மனிதர் விளைய முடியும். மேல்மண்ணைச் சக்கர வாளி இயந்திரங்கள் மலைமலையாக வாரிக் கொட்டுகிற அதே ஊரில், இவர் பத்தடிப் புல்தரைக்காக வேலைக்கு வரும் அம்மாவோடு மல்லுக்கு நிற்கிறார்.

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வந்த மருமகள் பாட்டிலில் ஒரு கலவை கொண்டுவந்தாள். வினிகர், உப்பு, கொஞ்சம் சோப்பு. "கெமிக்கலே இல்ல மாமா, எல்லாம் இயற்கை" என்றாள். அவர் மூக்கருகில் வைத்துப் பார்த்துவிட்டு, "இத நடைபாதை இடுக்குல மொளைக்கிற களைக்கு ஊத்தும்மா, நல்லா சாவும்" என்றார். மருமகளுக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் வினிகரின் அமிலம் இலையைக் கருக்கும், உப்பு மண்ணில் தங்கிவிடும் என்பது உண்மைதானே? இயற்கை என்று லேபிள் ஒட்டினால் அருகம்புல்லுக்குப் படிக்கத் தெரியுமா?

அவருடைய வண்டவாளம் ஒன்று உண்டு. சொல்லாமல் விட்டால் சித்திரம் முழுமையாகாது. கழுவிய தண்ணீர் தன் புல்லைத் தொடக் கூடாது என்று வாசலில் மண்ணணை கட்டி, விளக்குமாற்றால் ஓரமாகத் தள்ளுவார். தள்ளிய தண்ணீர் எங்கே போகும்? பக்கத்து வீட்டு முருங்கைக்கு. "சார், உங்க பிளீச்சிங் எங்க பக்கம் வருதே" என்று கேட்டால், "நான் நல்லா டைல்யூட் பண்ணித்தான் அனுப்புறேன் சார்" என்று பதில் வரும், ஏதோ உபகாரம் செய்ததுபோல.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது அவர் வாசல் மாமரமும் பலாவும் ஒரே காலையில் சாய்ந்தன. இப்போதுள்ளவை அதற்குப் பிறகு நட்ட கன்றுகள். அவற்றுக்கு வயது சொல்லும்போது "தானேக்கு அப்புறம்" என்றுதான் தொடங்குவார். புயலிடம் தோற்றவர், டப்பாவிடமும் தோற்பதாக இல்லை.

இதில் பெரிய தமாஷ், வீடே அவருடையதில்லை என்பது. குவார்ட்டர்ஸ். அறுபதில் பணி ஓய்வு, பிறகு சாவியை ஒப்படைக்க வேண்டும். மாமரம், கறிவேப்பிலை, புல் எல்லாம் அடுத்து வருகிறவருக்கு. அவர் வந்த கையோடு புல்லை எடுத்துவிட்டுக் கார் நிறுத்த சிமென்ட் போடலாம், கேட்க முடியாது. இது நம்மாளுக்கும் தெரியும். தெரிந்தே, ஓய்வுபெற இரண்டு மாதம் இருக்கும்போதும் சுவரோரம் ஓஸ் பைப்போடு நிற்கிறார்.

நெய்வேலியில் குவார்ட்டர்ஸ் கிடைத்து வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பைப்பில் தண்ணீர் வருகிறதா, மின்விசிறி சுற்றுகிறதா என்பதெல்லாம் அப்புறம். முதலில் சுவரோரக் கறிவேப்பிலையைப் பாருங்கள். தழைத்திருந்தால் அங்கே இவர் குடியிருந்திருக்கிறார், கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளுங்கள். கருகியிருந்தால், பக்கத்து வீட்டில் இவர் இருக்கிறார்.