ஆயிரம் கஜத்துக்குக் குறி வைப்பது எப்படி?

முதலில் வயதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அண்ணாச்சி. ஐம்பதைத் தொட்டபின் ஆண்களுக்கு வரும் ஆசைகளில் துப்பாக்கி சுடுதல் ரொம்பச் சாது. ஷேர் மார்க்கெட்டைவிடச் செலவு குறைவு; அரசியலைவிட ஆபத்து குறைவு. நடிகர் அஜித்குமார் மாநிலப் போட்டியில் சுட்டுப் பதக்கம் வாங்கிய செய்தியை மருமகன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார். தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரர் மைல் தூரத்தில் தொங்கும் இரும்புத் தகட்டை ‘டிங்’ என்று அடிப்பதை யூடியூபில் பார்த்திருப்பீர்கள். அந்த ‘டிங்’தான் ஆளைக் கெடுப்பது.

வகுப்பில் சேர்ந்ததும், “நெடுந்தூரம் சுடப் படிக்க வந்திருக்கேன்” என்று நிமிர்ந்து சொல்லுங்கள். பயிற்சியாளர் சிரிக்க மாட்டார். இப்படி எத்தனையோ பேரைப் பார்த்தவர். உங்களைப் பத்து மீட்டரில் நிறுத்துவார். அதாவது உங்கள் வீட்டு நடையிலிருந்து எதிர்வீட்டுத் தண்ணீர்க் குழாய். வருத்தப்படாதீர்கள். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்தப் பத்து மீட்டரில்தான். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012இல் லண்டனில் வெண்கலம் வாங்கியதும் இதில்தான். அட்டையின் நடுவில் பத்துப் புள்ளிக்கான பொட்டின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். அதைத் தேடிப் போகும் ஈயக்குண்டே நாலரை மில்லிமீட்டர். தூத்துக்குடி முள்ளக்காட்டு உப்பளத்தில் ஒரு கல் உப்பை எடுத்து உடைத்து, உடைந்ததில் சிறியதைத் திரும்ப உடைத்து, அதைச் சுவரில் ஒட்டி வைத்தது போல் இருக்கும். மைல் தூரத்துத் தகடு எவ்வளவோ தேவலை என்று தோன்றும்.

அடுத்து உடுப்பு. கேன்வாஸும் தோலுமாகத் தைத்த விறைப்பான கோட்டு, அதே தினுசில் கால்சட்டை, தட்டை அடி பூட்ஸ். கோட்டுத் துணியின் கனம் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அளந்து பார்க்கக் கருவி வைத்திருக்கிறார்கள். இந்த விதியைப் போட்ட சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சங்கத்தின் தலைமையகம் ஜெர்மனியில் மியூனிக் நகரில் இருக்கிறது. அக்னி நட்சத்திரத்தைப் பற்றி அங்கே யாரும் சொல்லவில்லை போலும். கோட்டை மாட்டியபின் குனிந்து பூட்ஸ் கயிறு கட்ட முடியாது. ஆகவே பூட்ஸை முதலில் போடுங்கள். இந்தக் கட்டுரையில் உங்களுக்குக் கிடைக்கப்போகும் உருப்படியான யோசனை அநேகமாக இது ஒன்றுதான்.

ஆரம்பத்தில் குண்டு தர மாட்டார்கள். ஐந்து கிலோவைத் தொடும் துப்பாக்கியைத் தூக்கி, வெறுஞ்சுவரைக் குறிபார்த்து, விசையை அழுத்தி, இறக்கி வைக்க வேண்டும். பிறகு மறுபடி தூக்க வேண்டும். கட்டிய பீஸ் இதற்கும் சேர்த்துத்தான்.

சொந்தத் துப்பாக்கி ஆசை வந்தால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் குறுக்கே நிற்கும். 2016 விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டர் குழலுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்போகாத ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். அதைத் தாண்டி .22 என்று வாயெடுத்தால் கலெக்டர் ஆபீஸ், போலீஸ் விசாரணை எல்லாம் உண்டு. பக்கத்து வீட்டில் உங்களைப் பற்றிக் கேட்பார்கள். காம்பவுண்டுச் சுவர் வழக்கை அதற்குள் சமாதானமாக முடித்துக்கொள்ளுங்கள். எல்லாம் கூடி வந்து துப்பாக்கி கைக்கு வந்தால் தேர்தல் அறிவிப்பார்கள். கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். பாராளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி என்று கணக்குப் போட்டால் துப்பாக்கிக்கு அதுவே தாய்வீடு. வல்லநாட்டில் சுடும் தளம் இருக்கிறதே என்பீர்கள். அது காவலர்களுக்கு. அதே வல்லநாட்டில் வெளிமான் சரணாலயமும் இருக்கிறது. மானுக்கும் போலீசுக்கும் இடம் ஒதுக்கியபின் உங்களுக்கு மிச்சமில்லை.

முதல் நாளே சில விதிகளைச் சொல்லித் தருவார்கள். குழலை யார் பக்கமும் திருப்பாதே. சுடும் நேரம் வரும்வரை விசையில் விரல் வைக்காதே. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடாதே. வேறு ஊரில் இந்தக் கடைசி விதியைக் கொட்டாவி விட்டபடி எழுதிக்கொள்ளலாம். தூத்துக்குடியில் முடியாது. 2018 மே 22 அன்று, ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாளிலும் அதற்கு மறுநாளிலும் போலீஸ் சுட்டதில் 13 பேர் செத்தார்கள். ஓடிக்கொண்டிருந்தவர்களைத் தூரத்திலிருந்து சுட்டிருக்கிறார்கள் என்று நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையமே சொன்னது. அந்த அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்துக்கு வந்தது. வேன் மேலேறிக் குறிபார்த்த மஞ்சள் பனியன் போலீஸ்காரரின் வீடியோவை இந்த ஊரில் பார்க்காதவர்கள் இல்லை. எனவே டீக்கடையில் உட்கார்ந்து “சுடப் படிக்கப் போறேன்” என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். “ஏர் ரைபிள் கிளாஸ்” என்றால் போதும். அதற்கே கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். கேட்டால் பதில் சொல்லுங்கள். கேட்காவிட்டால் டீயைக் குடியுங்கள்.

மூச்சுக்கு வருவோம். வெளியே விட்ட மூச்சுக்கும் அடுத்து இழுக்கும் மூச்சுக்கும் நடுவே உடம்பு ஒரு சில நொடி அசையாமல் நிற்கும். அதற்குள் சுட வேண்டும். மேற்கொண்டு அடக்கினால் கண் மங்கும். ஆறேழு நொடிக்கே உங்கள் முகம் சிவக்கும். இந்தக் கரையில் கல்லில் கால் ஊன்றிக் கடலடிக்கு இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். இங்கே கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதற்குப் பிறகு சங்குதான். பழைய சங்குகுளிக்காரர் யாரையாவது பிடித்து உங்கள் ஆறேழு நொடிச் சாதனையைச் சொல்லிப் பாருங்கள். மரியாதைக்காரர், கேட்டுக்கொள்வார்.

கடைசிப் பாடம் காற்று. நெடுந்தூரச் சுடுதல் என்பதே பாதிக்கு மேல் இதுதான். பத்து மீட்டர் அறைக்குள் காற்று கிடையாது. ஆயிரம் கஜத்தில், .308 குண்டு 25 அடிக்கு மேல் கீழே இறங்கும். அது பயமில்லை, எல்லா நாளும் ஏறக்குறைய ஒரே மாதிரி இறங்குவதால் கணக்குப் போட்டுத் தூக்கி அடிக்கலாம். மணிக்குப் பத்து மைல் வேகத்தில் பக்கவாட்டாக வரும் காற்று அதே குண்டை ஏழெட்டு அடி தள்ளிவிடும். இது நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். ஆகவே கொடித்துணி, புல், தூசி எல்லாவற்றையும் பார்க்கச் சொல்வார்கள். தொலைநோக்கியில் கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக் காற்றைக் கணிக்கச் சொல்வார்கள். கானலுக்கு நமக்கென்ன பஞ்சம்? பதினொரு மணிக்கு மேல் உப்பளக் கரையில் போய் நின்றால் போதும். அங்கேயே சுட்டுப் பழகலாமே என்று மட்டும் நினைக்காதீர்கள். பாத்தியில் ஆட்கள் நிற்கிறார்கள்.

காற்றுக்கு வாத்தியார் வேண்டுமென்றால் திரேஸ்புரம் கரைக்குப் போங்கள். வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர் தலையைத் தூக்காமலே இது கச்சானா, சோழகமா, கொண்டலா, வாடையா, எத்தனை மணிக்குத் திரும்பும் என்று சொல்லிவிடுவார். முள்ளக்காட்டில் 1986இல் காற்றாலை நட்டுக் காற்றின் அருமையைச் சர்க்கார் கண்டுபிடித்தது. பெரியவரைக் கேட்டிருந்தால் முன்னாலேயே சொல்லியிருப்பார். வெளிநாட்டில் இந்த வித்தைக்குக் கைக்கருவி, அட்டவணை, ஆப் எல்லாம் விற்கிறார்கள். பெரியவர் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்பார்: “கடல்ல அப்படி என்னத்தச் சுடப் போறிய?” இதற்குப் பதிலைத் தயார் செய்துகொண்டு போங்கள். மூச்சும் காற்றும் கைவந்தவர்கள் யாரும் துப்பாக்கி கேட்கவில்லை என்பது கொஞ்சம் உறுத்தும். அதை விட்டுத்தள்ளுங்கள், பீஸ் கட்டியாயிற்று.

இவ்வளவு பாடும் வேண்டாம் என்பவர்களுக்கு விக்டோரியா மகாராணி ஒரு வழி காட்டியிருக்கிறார். 1860 ஜூலையில் இங்கிலாந்தின் விம்பிள்டனில் ரைபிள் சங்கத்தின் முதல் போட்டியை அவர்தான் தொடங்கி வைத்தார். துப்பாக்கியை முன்கூட்டியே 400 கஜத்துக்குக் குறிவைத்துத் தாங்கியில் பொருத்தியிருந்தார்கள். மகாராணி ஒரு பட்டுக்கயிற்றை இழுத்தார். குண்டு நடுப்புள்ளியை ஒட்டிப் போய் விழுந்தது. கோட்டு இல்லை, மூச்சடக்கல் இல்லை. உங்கள் பயிற்சியாளரிடம் பட்டுக்கயிறு உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் குழலைத் துடைத்து எண்ணெய் போடுங்கள். துப்பாக்கி எண்ணெய், அடுப்படியிலிருந்து எடுத்த நல்லெண்ணெய் அல்ல. நம் ஊர் உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே நிற்பதில்லை. 20 ஜூலுக்கு உட்பட்ட ரைபிளுக்கு லைசென்ஸிலிருந்து விலக்குக் கொடுத்த 2016 விதிகள், துருவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.