ஏழரை வருஷம் சுற்றிய மனுஷன்

1998-ல் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் பன்னிரண்டு மணிக்கு மதுரை காளவாசல் பக்கம் வந்திருந்தீர்கள் என்றால், தெருவில் ஒரு பயலைக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். டிவி இருக்கிற வீட்டு ஹாலில் இருபது பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்போம். மொட்டை மாடியில் ஒரு தியாகி ஆன்டெனா கம்பத்தைக் கட்டிப்பிடித்து நிற்பான். "தெரியுதாடா?" "இல்லடா... இன்னும் கொஞ்சம் கொடைக்கானல் பக்கம் திருப்பு... ஆங், நிறுத்து நிறுத்து!" கையை எடுத்தால் படம் புள்ளி புள்ளியாகிவிடும். அதனால் நிகழ்ச்சி முடிகிறவரை அவன் இறங்க முடியாது. தூர்தர்ஷன் சீரியலில் உலகத்தைக் காப்பாற்ற வந்த சக்திமானை வாராவாரம் காப்பாற்றியவன் அவன்தான். பாவம், ஒரு எபிசோடுகூடப் பார்த்ததில்லை.

இதில் இன்னொரு கூத்து, சக்திமான் பேசுவது இந்தி. இந்தி எதிர்ப்புப் போராட்டம் 1965 ஜனவரி 25 அன்று கலவரமாக வெடித்தது எந்த ஊரில்? சாட்சாத் இதே மதுரையில், வடக்கு மாசி வீதியில். அந்த ஊர்ப் பிள்ளைகளை முப்பத்து மூன்று வருஷம் கழித்து இந்தி சீரியல் முன்னால் உட்கார வைத்துவிட்டார் மெரூன் கலர் உடுப்புப் போட்ட ஒருத்தர். டெல்லி சர்க்கார் சட்டம் போட்டுச் செய்ய முடியாததை இவர் சுற்றியே செய்துவிட்டாரா என்று பதறாதீர்கள். அத்தனை வருஷம் பார்த்தும் எங்களுக்கு இந்தியில் ஒரு வாக்கியம் ஏறவில்லை.

யார் இந்த மகானுபாவர்? முகேஷ் கன்னா. பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரத'த்தில் 1988-ல் பீஷ்மராக வந்தாரே, அவரேதான். முதலில் துரியோதனன் வேஷத்துக்குத்தான் கூப்பிட்டார்களாம். வில்லனா, நானா, மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அர்ஜுனன், கர்ணன் என்று இளவட்ட வேஷமாகப் பார்த்து ஆசைப்பட்டவருக்குக் கடைசியில் கிடைத்தது நரைத்த தாடியும் அம்புப் படுக்கையும். அப்போது வயது என்ன தெரியுமா? சுமார் முப்பது.

வேறு நடிகராக இருந்தால் சீரியல் முடிந்ததும் தாடியைக் கழற்றி மேக்கப்மேன் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். நம்மாள் ஆரம்பித்த தயாரிப்புக் கம்பெனியின் பெயரே 'பீஷ்ம் இன்டர்நேஷனல்'. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. "நான் ஒன்றும் பீஷ்ம சபதம் எடுக்கவில்லை" என்று பேட்டிக்குப் பேட்டி விளக்குகிறார். கம்பெனி போர்டைப் பார்த்தவர்கள்தான் நம்ப மறுக்கிறார்கள்.

அந்தக் கம்பெனியிலிருந்துதான் 1997 செப்டம்பர் 13 அன்று சக்திமான் கிளம்பினார். கதை புதுசா என்று கேட்கிறீர்களா? சூப்பர்மேன் ஒரு பத்திரிகை ஆபீஸில் கண்ணாடி போட்ட அப்பாவியாக வேலை பார்ப்பார். இவர் ஒரு பத்திரிகை ஆபீஸில் கண்ணாடி போட்ட, பல் துருத்திய அப்பாவி போட்டோகிராபராக வேலை பார்ப்பார். வித்தியாசம் பல்லில் இருக்கிறது! அந்த அமெரிக்கர் வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தவர்; நம்மாள் குண்டலினியை எழுப்பி ஏழு சக்கரங்கள் வழியாகப் பவரை ஏற்றிக்கொண்டவர். அந்த அப்பாவியின் முழுப்பெயர் பண்டிட் கங்காதர் வித்யாதர் மாயாதர் ஓம்கார்நாத் சாஸ்திரி. மதுரையில் காதுகுத்துக்கு வைக்கிற ஃப்ளெக்ஸில்கூட இவ்வளவு நீளப் பெயருக்கு இடம் ஒதுக்க மாட்டார்கள்.

பறப்பதற்கு முன்னால் ஒரு விரலை உயர்த்திப் பம்பரமாகச் சுற்றுவார் பாருங்கள், அதுதான் எங்களுக்கு வேதம். சுற்றினால் பறக்கலாம் என்பது தியரி. மாடியில் பிராக்டிகல். பத்து சுற்றில் தலை கிறுகிறுக்கும், பதினைந்தில் வாந்தி வரும். பக்கத்து வீட்டு அத்தை விளக்குமாறோடு ஏறி வந்தால் மட்டும் எங்களில் நாலு பேர் நிஜமாகவே பறந்தோம். ஆனால் விளையாட்டு என்று சொல்ல முடியாத செய்திகளும் பத்திரிகையில் வந்தன. சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிப் பிள்ளைகள் ஆபத்தில் மாட்டிக்கொண்டார்கள் என்றன அவை. கட்டிவிட்ட கதை என்பது கன்னா கட்சி. ஆனாலும் இதையெல்லாம் செய்து பார்க்காதீர்கள் என்று அவரே திரையில் வந்து கெஞ்ச வேண்டியிருந்தது. அதையும் இந்தியில்தான் கெஞ்சினார்.

சரி, வில்லன் யார்? இருட்டே நிலைக்கட்டும் என்று உறுமுகிற தம்ராஜ் கில்விஷ் என்றுதானே நினைத்திருப்பீர்கள்? (கிளைமாக்ஸில் கரண்ட் போகும்போதெல்லாம் அவன் சம்பளப் பட்டியலில் எங்கள் தெரு லைன்மேனும் இருக்கிறார் என்றே நம்பினோம்.) உண்மையான வில்லன் டெலிகாஸ்ட் கட்டணம். அன்றைய தூர்தர்ஷனில் நேரத்தைத் தயாரிப்பாளர் காசு கட்டி வாங்க வேண்டும். விளம்பரம் பிடித்துப் போட்டதை எடுக்க வேண்டும். கன்னாவே பேட்டிகளில் சொன்ன கணக்கு இது. சனிக்கிழமை காலையும் செவ்வாய் சாயங்காலமும் ஓடியபோது எபிசோடுக்கு 3.80 லட்சம். பிள்ளைகள் ஸ்கூலுக்கு மட்டம் போடுகிறார்களே என்று ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றச் சொன்னார். மாற்றினார்கள், 7.80 லட்சம். நூறு எபிசோடு தாண்டியதும் 10.80 லட்சம். கில்விஷை அடித்துத் துவைத்தவரால் இந்த இன்வாய்ஸை ஒன்றும் செய்ய முடியவில்லை. 2005 மார்ச்சில் கடையைக் கட்டினார். 1997 செப்டம்பரிலிருந்து கூட்டிப் பாருங்கள். ஏழரை! சனி பகவான் கணக்கில் எப்போதுமே கறார்தான்.

கடை மூடியதே தவிர உடுப்பு பெட்டிக்குள் போகவில்லை. சக்திமான் சினிமாவாகிறது, ரன்வீர் சிங் நடிக்கலாம் என்று பேச்சு வந்ததும், கூடவே கூடாது என்று கிளம்பினார் கன்னா. 2024 நவம்பரில், 66 வயதில், அதே மெரூன் உடுப்பில், நெஞ்சில் அதே தங்கச் சக்கரத்தோடு பத்திரிகையாளர்கள் முன்னால் வந்து நின்றார். இணையம் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு என் ஸ்கூல் யூனிஃபார்ம் எனக்கு எதுவரை ஏறும் என்று யோசித்துப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். முழங்கால் தாண்டாது.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டேன். ஒவ்வொரு எபிசோடு முடிவிலும் பிள்ளைகளுக்குச் சின்னதாக உபதேசம் செய்வார். தப்பு செய்த பையன் தலையைக் குனிந்து "சாரி சக்திமான்" என்பான். முழு சீரியலிலும் எங்களுக்குப் புரிந்த ஒரே டயலாக் அதுதான். மற்ற உபதேசமெல்லாம் ஏதோ பெரிய ரகசியம் என்றே நினைத்திருந்தோம்.

2020 ஏப்ரல். ஊரே அடங்கிக் கிடந்த நேரத்தில் தூர்தர்ஷன் சக்திமானை மறுபடி போட ஆரம்பித்தது, தினமும் மதியம் ஒரு மணிக்கு. என் மகளுக்குப் பள்ளியில் இந்தி உண்டு. இருபத்திரண்டு வருஷ ரகசியம் இன்று உடையப் போகிறது என்று அவளைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தேன். உபதேசம் வந்தது.

"என்னம்மா சொல்றாரு?"

"சாப்பிடுறதுக்கு முன்னாடி கையக் கழுவணுமாம்ப்பா."

"அப்புறம்?"

"அவ்வளவுதாம்ப்பா."